தனியாக உடையவும் கூட்டம் வேண்டும்

இந்த முறை ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். தொண்டியிலிருந்து மண்டபம் வரை ஆளுக்கொரு திசையில் கேட்டிருக்கிறார்கள், ஆனால் பதில் எழுத உட்கார்ந்தால் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: ஒரு மூலக்கூறு உடையவோ ஒட்டவோ சுற்றியிருக்கும் கூட்டத்துக்கு என்ன வேலை? முதல் கேள்வி பாதி இடத்தைத் தின்றுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு மூலக்கூறு தானாக உடைவது முதல்வகை வினை, அதன் வேக மாறிலி வெப்பநிலையை மட்டும் சார்ந்தது என்று பிளஸ் டூவில் படித்தோம். இப்போது எத்தில் ரேடிக்கல் எத்திலீனாகவும் ஹைட்ரஜன் அணுவாகவும் உடைகிற வேகம் அழுத்தத்தைப் பொறுத்து மாறும் என்கிறார் எங்கள் சார். எது சரி? சுற்றியிருக்கும் ஆர்கானோ நைட்ரஜனோ வினையில் கலந்துகொள்வதே இல்லையே?
(எம்.எஸ்சி. வேதியியல் மாணவர், ராமநாதபுரம்)

இரண்டும் சரிதான் தம்பி. (மற்றவர்களுக்காக: வேகம் உடைகிற பொருளின் அளவை மட்டும் பொறுத்தால் முதல்வகை, மோதுகிற இருவரின் அளவையும் பொறுத்தால் இரண்டாம் வகை. ரேடிக்கல் என்பது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கிற, எதனோடாவது ஒட்டிக்கொள்ளத் துடிக்கிற துண்டு.) பிளஸ் டூ புத்தகம் சொன்னது அழுத்தம் நிறைய இருக்கும்போது உண்மை, அவ்வளவுதான்.

சிக்கலை முதலில் பாருங்கள். எத்தில் ரேடிக்கல் உடைய வேண்டுமென்றால் மோலுக்குச் சுமார் 160 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அது எங்கிருந்து வரும்? பக்கத்தில் இருப்பவன் வந்து மோதித்தான் வரும். மோதல் என்றாலே இரண்டு பேர். இரண்டு பேர் சம்பந்தப்பட்டால் வினை இரண்டாம் வகையாக அல்லவா இருக்க வேண்டும், பிறகு எப்படி முதல்வகை ஆனது? நூறு வருடத்துக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்களையே இந்தக் கேள்வி திணறடித்தது. பாத்திரத்தின் சுவரிலிருந்து வரும் கதிர்வீச்சுதான் ஆற்றலைக் கொடுக்கிறது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. 1921-இல் ஃபாரடே சொசைட்டி விவாதம் ஒன்றில் பிரெடரிக் லிண்டெமன் (பின்னாளில் சர்ச்சிலுக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தாரே, அவரேதான், அந்தக் கதை இங்கே வேண்டாம்) முடிச்சை அவிழ்த்தார். அவர் சொன்னது இதுதான்: மோதியவுடன் மூலக்கூறு உடைந்துவிடுவதில்லை. ஆற்றல் ஏறிய நிலையில் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

பாம்பனில் விடிகாலை மீன் ஏலம் நடக்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவன் ஊரைவிட்டுக் கிளம்பப் பார்க்கிறான், கையில் 500 ரூபாய் சேர்ந்தால் போதும், போய்விடுவான். கிளம்புவது என்றால் உடைவது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூட்டத்தில் எதிரே வருகிறவன் ஒருவன் பழைய பாக்கி என்று கையில் காசைத் திணிப்பான், அடுத்து வருகிறவன் வாங்கின கடனைக் கொடு என்று பிடுங்கிக்கொள்வான். கொடுப்பதும் பிடுங்குவதும் ஓயாமல் நடக்கிறது. கூட்டம் இரண்டு மடங்கானால் கொடுப்பவர்களும் இரண்டு மடங்கு, பிடுங்குபவர்களும் இரண்டு மடங்கு. அதனால் எந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தாலும் 500-க்கு மேல் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு இத்தனை பேர் என்பது மாறாது. அவர்களில் சிலர் மட்டும், யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடுகிறார்கள். நழுவுகிற வேகத்துக்கும் கூட்டத்தின் அளவுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் பிளஸ் டூ புத்தகத்தின் முதல்வகை வினை இதுதான். உயர் அழுத்த எல்லை என்று இதைச் சொல்வார்கள்.

இப்போது அதே ஆளைக் கொண்டுபோய் அரிச்சல்முனையில், ராத்திரியில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் விடுங்கள். எப்போதாவது ஒருவன் வந்து காசு கொடுப்பான். பிடுங்க ஆளில்லை. 500 சேர்ந்தவன் கட்டாயம் கிளம்பிவிடுவான், அவசரமே இல்லாமல். ஆக, கிளம்புகிற வேகம் என்பது காசு கொடுக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான், அது ஆள் நடமாட்டத்தைப் பொறுத்தது, அதாவது அழுத்தத்தைப் பொறுத்தது. இரண்டாம் வகை. இதைக் குறை அழுத்த எல்லை என்பார்கள். கவனியுங்கள், இங்கே ஆளாளுக்குப் பார்த்தால் கிளம்புகிற வாய்ப்பு ஏலக் கூட்டத்தில் இருந்ததைவிடக் குறைவு, ஏனென்றால் காசு சேர்ந்தவன் எல்லாம் போய்விட, மிச்சம் நிற்பது காலிப் பை ஆசாமிகள். இரண்டு எல்லைக்கும் நடுவில், அழுத்தம் குறையக் குறைய வேக மாறிலி சரிகிற பகுதி இருக்கிறதே, அதைத்தான் உங்கள் சார் வரைபடமாகப் போட்டுக் காட்டியிருப்பார்.

அழுத்தம் என்றதும் நசுக்குவது என்று மனதில் படம் ஓடும். அதை அழித்துவிடுங்கள். எத்தில் ரேடிக்கலை யாரும் நசுக்கவில்லை. சாதாரணக் காற்றழுத்தத்தில், அறை வெப்பநிலையில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 700 கோடி தடவை மோதுகிறது. அழுத்தத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் அது 70 லட்சம் தடவை ஆகிவிடும். மாறுவது இந்த எண்ணிக்கைதான். ஆற்றல் ஏறிய ஒரு மூலக்கூறு உடைய எடுத்துக்கொள்ளும் நேரம் பெரிதா, அடுத்த மோதல் வரும் நேரம் பெரிதா, போட்டி இவ்வளவே.

சரி, காசு சேர்ந்தவன் ஏன் உடனே கிளம்புவதில்லை? இந்த இடத்தில் லிண்டெமன் கணக்கு கொஞ்சம் இடித்தது. ஹின்ஷெல்வுட் 1920-களில் அதைச் சரிசெய்ய ஆரம்பித்தார், பிறகு ரைஸ், ராம்ஸ்பெர்கர், காஸல் மூவரும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு வடிவம் கொடுத்தார்கள், 1950-களின் தொடக்கத்தில் மார்க்கஸ் அதைச் செம்மையாக்கினார். பெயர்களை விடுங்கள், விஷயம் ரொம்ப எளிது. ஆளிடம் ஒரு பை இல்லை, பல பைகள். சட்டைப் பையில் கொஞ்சம், வேட்டி மடியில் கொஞ்சம், துண்டு முடிச்சில் கொஞ்சம். மொத்தம் 1000 ரூபாய் இருந்தாலும், டிக்கெட் எடுக்க ஒரே பையில் 500 வந்து சேர்ந்தாக வேண்டும். மூலக்கூறில் அந்தப் பைகள்தான் அதிர்வுகள், டிக்கெட் எடுக்கிற பை உடைய வேண்டிய பிணைப்பு. தேவையைப் போல் இரண்டு மடங்கு ஆற்றல் இருந்து, பைகள் 5 என்றால், குறிப்பிட்ட ஒரு பையில் போதிய காசு இருக்கும் வாய்ப்பு 16-இல் 1. பைகள் 15 ஆனால் 16,384-இல் 1. எத்தில் ரேடிக்கலுக்கு 7 அணு, 15 அதிர்வு. (குவாண்டம் விதிப்படி எல்லாப் பையும் முழுசாகத் திறந்திருக்காது, அதனால் பழைய ஆட்கள் கணக்குப் போடும்போது பாதிக்குக் கொஞ்சம் மேலே எண்ணிக்கொள்வார்கள்.)

இதிலிருந்து பரீட்சைக்கு உதவுகிற ஒரு விஷயம் தானாக வருகிறது. ரேடிக்கல் பெரிதானால் பைகள் அதிகம், காசு ஒன்றுசேர நேரமாகும், அதற்குள் மோதல்கள் வந்து சமநிலையைக் காத்துவிடும். அதனால் பெரிய ரேடிக்கல்கள் சாதாரண அழுத்தத்திலேயே உயர் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும். சின்னவை அப்படியில்லை. ஃபார்மைல் ரேடிக்கலுக்கு மூன்றே அணு, மூன்றே அதிர்வு, அது ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் உடைவது சாதாரணக் காற்றழுத்தத்தில்கூடக் குறை அழுத்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. மெத்தாக்ஸி, அசிட்டைல், எத்தில் எல்லாம் நடுவில். ஆனால் வெப்பநிலையை ஏற்றினால் பெரியவையும் சரிய ஆரம்பிக்கும், ஏனென்றால் எல்லோர் கையிலும் காசு புரளும்போது கிளம்புகிற வேகம் மோதல் வேகத்தை எட்டிப் பிடித்துவிடுகிறது. 800 டிகிரிக்கு மேல் ஈத்தேனை உடைத்து எத்திலீன் எடுக்கும் ஆலைகளில் சங்கிலியை ஓட்டுவது எத்தில் ரேடிக்கலின் இந்த உடைவுதான். உடைந்து வருகிற ஹைட்ரஜன் அணு அடுத்த ஈத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், மறுபடி ஒரு எத்தில், மறுபடி உடைவு. அங்கே அழுத்தத்தை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் விடை தப்பும்.

இன்னொன்று, திருப்பிப் போட்டாலும் இதே கதைதான். ஹைட்ரஜன் அணு எத்திலீனோடு சேர்ந்து எத்தில் ஆகிறது என்றால், சேர்ந்த நொடியில் அது காசு நிறைந்த ஆள். யாராவது வந்து பிடுங்கினால்தான் நிலைக்கும், இல்லையென்றால் வந்த வழியே பிரிந்துவிடும். உடைக்கவும் கூட்டம் வேண்டும், ஒட்டவைக்கவும் கூட்டம் வேண்டும். ஆர்கான் வினையில் கலந்துகொள்வதில்லை என்றீர்களே, சமன்பாட்டில் கலந்துகொள்ளவில்லை, கணக்கில் கலந்துகொள்கிறது.

கேள்வி: அப்படியானால் கூட்டத்தில் இருப்பது எந்த வாயு என்பதும் முக்கியமா?
(கல்லூரி மாணவி, கீழக்கரை)

முக்கியம். ஹீலியம் சின்னப் பையன் மாதிரி, மோதினால் சில்லறைதான் கைமாறும். மொத்தம் 160 கிலோஜூல் விவகாரத்தில் ஒரு மோதலுக்கு ஒன்றிரண்டு கிலோஜூல் என்று வையுங்கள். ஆர்கானும் அப்படி ஒன்றும் பெரிதாகக் கொடுக்காது. ஈத்தேன், கார்பன் டையாக்சைடு, சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு மாதிரி பல அணு கொண்டவை கந்துவட்டிக்காரர்கள், ஒரே பிடியில் மடியைக் காலி செய்வார்கள். நீராவியும் அந்த ரகம்தான். அதனால் இத்தனை அழுத்தம் என்று மட்டும் எழுதினால் போதாது, எந்த வாயுவில் என்றும் எழுத வேண்டும்.

இதை நான் சொந்தமாகப் பட்டுத்தான் கற்றேன். படிக்கிற காலத்தில் எங்கள் கண்ணாடிக் குழாய் அமைப்பில் ஒரு ஸ்டாப்காக் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது, ஹீலியம் மட்டும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மூன்று வாரம் அளந்தேன், குறைந்த அழுத்தத்தில் கீழே இறங்க வேண்டிய புள்ளிகள் எல்லாம் இறங்க மாட்டேன் என்று நின்றன. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் தூக்கமே வரவில்லை. உள்ளே போய் உட்கார்ந்திருந்தது அறையின் காற்று. ஆக்சிஜன் வேறு ரேடிக்கலைத் தின்றுகொண்டிருந்தது.

கேள்வி: டீசல் என்ஜினில் தீப்பொறியே இல்லை, அமுக்கினால் தானாகப் பற்றுகிறது. அப்படியானால் அமுக்குவதுதானே எண்ணெயை உடைக்கிறது? நீங்கள் வேறு மாதிரி சொல்வீர்களோ?
(விசைப்படகு மெக்கானிக், மண்டபம்)

வேறு மாதிரிதான் சொல்வேன் அண்ணே, ஆனால் உங்கள் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. 16 பங்கு காற்றை ஒரு பங்காக அமுக்கினால் அழுத்தம் வெளிக்காற்றைப் போல் சுமார் 40 மடங்கு ஆகும், சூடு 500, 600 டிகிரிக்கு ஏறும். முதல் வேலை சூட்டுக்கு. அதில் நாசில் பீய்ச்சிய எண்ணெய் ஆவியாகி, ஹைட்ரஜன் ஒன்று பிடுங்கப்பட்டு ரேடிக்கல் ஆகிறது, அது ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய நொடியில் கையில் காசு நிறைய, அதை யாராவது உடனே வாங்கிக்கொள்ள வேண்டும், 40 மடங்கு கூட்டம் அதற்குத்தான் உதவுகிறது. இந்தப் பாதையில் போகப்போக உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடு சேரும். ஆமாம், புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதே சரக்கு. சூடு 700 டிகிரியை ஒட்டியதும் அது மடமடவென்று இரண்டு ஹைட்ராக்சில் ரேடிக்கலாக உடைகிறது, அப்போதுதான் நீங்கள் கேட்கிற அந்த 'டக்' சத்தம். பெராக்சைடு உடைவதும் மோதலை நம்பித்தான். கூட்டம் கூடினால் வேகமாக உடையும்.

தடைக்காலத்தில், ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை அந்த 61 நாளில், என்ஜினைப் பிரித்துப் போட்டு ரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா? ரிங் போனால் கம்ப்ரஷன் நிற்காது, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகை தள்ளும். அங்கே சூடும் குறைகிறது, கூட்டமும் குறைகிறது. பெரிய அடி சூடு குறைவதால்தான், அதை மறைக்க மாட்டேன்.

கேள்வி: புயல் நேரத்தில் காற்றழுத்தம் குறையும் என்கிறார்கள். அன்றைக்கு கேஸ் அடுப்பு சரியாக எரியவில்லை, அதனாலா?
(இல்லத்தரசி, ராமேஸ்வரம்)

இல்லை அக்கா. பெரும்புயலே வந்தாலும் அழுத்தம் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு, மிஞ்சிப்போனால் பத்துப் பங்குதான் குறையும், அடுப்புக்கு அது தெரியவே தெரியாது. ஜன்னலைச் சாத்துங்கள். சிலிண்டரையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி: வழுதூர் மின்நிலையத்தில் எரிவாயுவை அழுத்தம் ஏற்றிய காற்றில் எரிக்கிறார்கள். அழுத்தம் கூடினால் தீ வேகமாகப் பரவும்தானே?
(வாசகர், தேவிபட்டினம்)

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். மீத்தேன்-காற்றுக் கலவையில் தீமுனை நகரும் வேகம், சாதாரண அழுத்தத்தில், கலக்கல் இல்லாமல், நொடிக்கு 35-லிருந்து 40 சென்டிமீட்டர். அழுத்தத்தை 10 மடங்கு ஆக்கினால் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது! காரணம் மறுபடியும், சேருகிற இருவருக்கும் பக்கத்தில் நின்று காசை வாங்கிக்கொள்கிற அந்த மூன்றாவது ஆள். ஹைட்ரஜன் அணு ஆக்சிஜனோடு மோதினால் இரண்டு வழி உண்டு. ஒன்று, உடைந்து ஹைட்ராக்சில், ஆக்சிஜன் அணு என்று இரண்டு துடிப்பான ரேடிக்கல்களைத் தரும், தீ பெருகும். இன்னொன்று, அப்படியே ஒட்டிக்கொண்டு ஹைட்ரோபெராக்சில் ஆகும். ஒட்டுவதற்குப் பக்கத்தில் ஒருவன் நின்று ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும், கூட்டம் கூடினால் இந்த வழிக்குத்தான் ஆதாயம். ஹைட்ரோபெராக்சில் மந்தமான ஆள், அது சேரச்சேரத் தீ சோம்பிவிடும். மெத்தில் ரேடிக்கலும் ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்து திரும்ப மீத்தேனாவதும் இதே மாதிரி கூட்டத்தால் வேகம் பெறுகிறது. அது நல்ல ரேடிக்கல் இரண்டைக் காலி செய்கிறது.

ஆனால் உடனே மின்சாரம் குறையும் என்று பயப்பட வேண்டாம். 10 மடங்கு அழுத்தத்தில் வாயுவின் அடர்த்தியும் 10 மடங்கு, அதனால் தீமுனை மெதுவாக நகர்ந்தாலும் நொடிக்கு எரிகிற எடை கூடத்தான் செய்கிறது. டர்பைனுக்குள் காற்றைச் சுழற்றிவிட்டுக் கலக்கியும் விடுகிறார்கள்.

கேள்வி: நாங்கள் கடலில் பாசி எடுக்கிறவர்கள். கஞ்சிப்பாசியோ கட்டைக்கோரையோ கரையில் காயும்போது ஒரு வாடை அடிக்கும். அது எங்கே போய்ச் சேருகிறது?
(மண்டபம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி)

வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது அக்கா. பாசி அழுகினால் வருவது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, கூமுட்டை வாடை. அழுகாமலே கடற்கரை முழுக்க மெல்லிசாக அடிக்கிறதே, அதில் முக்கியமானது டைமெத்தில் சல்ஃபைடு என்கிற கந்தகச் சேர்மம். பாசிகளும் கண்ணுக்குத் தெரியாத மிதவை நுண்ணுயிர்களும் உடம்பில் வைத்திருக்கும் ஒரு பொருள் சிதையும்போது அது வெளியே வருகிறது.

காற்றில் ஏறியதும் பகலில் ஹைட்ராக்சில் ரேடிக்கல் அதைப் பிடித்துக்கொள்கிறது. படிப்படியாக மாறி, ஒரு கட்டத்தில் மெத்தில் குழுவும் கந்தகமும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு ரேடிக்கலாக நிற்கும். அங்கே ஒரு முச்சந்தி. தானாக உடைந்தால் மெத்தில் ரேடிக்கலும் சல்ஃபர் டையாக்சைடும். உடையாமல் இன்னும் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டால் கடைசியில் மீத்தேன்சல்ஃபோனிக் அமிலம். உடைவதற்கு ஆற்றல் வேண்டும், அது மோதலில் வருகிறது, அந்த மோதலின் வலு சூட்டைப் பொறுத்தது. மண்டபம் வெயிலில் உடைகிற வழிக்கு வாய்ப்பு அதிகம், அண்டார்டிகா பக்கத்துக் குளிர் காற்றில் அமிலத்தின் பங்கு கூடுகிறது. கடல்மட்டத்தில் அழுத்தம் கச்சான் காற்று அடித்தாலும் வாடைக்காற்று அடித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்தரை கிலோமீட்டர் உயரம் போனால் பாதியாகிவிடும், குளிரும் சேர்ந்துகொள்ளும், அங்கே உடைவது இரண்டு விதத்திலும் மெதுவாகும். சல்ஃபர் டையாக்சைடு கடைசியில் சல்ஃபேட் துகளாகி மேகத் துளிக்குக் கருவாகலாம். உங்கள் பாசி வாடையில் ஒரு துளி, எங்கோ மழையாக இறங்கியிருக்கவும் கூடும்.

கேள்வி: ரேடிக்கல், ரேடிக்கல் என்கிறீர்கள். நொடியில் மறைந்துபோகிற ஒன்று இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? வெறும் ஊகமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்டி)

ஊகம் இல்லை ஐயா, 1929-இல் பெர்லினில் பானெத், ஹோஃபெடிட்ஸ் இருவரும் கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஈயப் படலத்தை வைத்தே காட்டிவிட்டார்கள். டெட்ராமெத்தில் ஈயத்தின் ஆவியை ஹைட்ரஜனோடு கலந்து ஒரு குழாயில் குறைந்த அழுத்தத்தில், வேகமாக ஓடவிட்டார்கள். குழாயின் ஓரிடத்தைச் சூடாக்கினால் சேர்மம் உடைந்து அங்கே ஈயம் படலமாகப் படியும். அடுத்து, ஆவி வருகிற பக்கமாகக் கொஞ்சம் முன்னால் தள்ளி இன்னொரு இடத்தைச் சூடாக்கினார்கள். அங்கே புதிய படலம் படிந்தது, அதே நேரத்தில் முதல் படலம் மெல்ல மெல்லக் காணாமல் போனது! சூட்டில் பிறந்த ஏதோ ஒன்று குழாய் வழியே ஓடிப்போய் அந்த ஈயத்தைத் தின்று மறுபடி டெட்ராமெத்தில் ஈயமாக எடுத்துப் போகிறது. அந்த ஏதோ ஒன்று மெத்தில் ரேடிக்கல். இரண்டு இடத்துக்கும் நடுவில் தூரத்தைக் கூட்டக் கூட்டப் படலம் கரைய அதிக நேரம் பிடித்தது. ஓட்டத்தின் வேகம் தெரியும், தூரம் தெரியும், அதை வைத்து அதன் அரை ஆயுள் சில மில்லி நொடி என்று கணக்குப் போட்டார்கள். 1900-இலேயே கோம்பெர்க் ஒரு பெரிய, நிலைத்து நிற்கிற ரேடிக்கலைக் கரைசலில் காட்டியிருந்தார். இவ்வளவு சின்னது வாயுவில் தனியாக உலவும் என்று அதுவரை பலர் நம்பவில்லை.

அழுத்தம் குறைவாக இருந்ததால்தான் ஓட்டத்தை அவ்வளவு வேகமாக வைக்க முடிந்தது. சாதாரணக் காற்றழுத்தத்தில் செய்திருந்தால் மெத்தில் எல்லாம் வழியிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து ஈத்தேனாகியிருக்கும், படலம் அப்படியே இருந்திருக்கும்.